வில்லியம் பார்ட்ரம்

வில்லியம் பார்ட்ரம் (ஏப்ரல் 20, 1739 – ஜூலை 22, 1823) வட அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்த இயற்கையியலாளரும் தாவரவியலாளரும் ஓவியரும் ஆவார். 1773 முதல் 1777 வரை இவர் வட கரோலினா, தென் கரோலினா, ஜோர்ஜியா, புளோரிடா முதலிய பகுதிகளில் பயணம் செய்து, தாம் கண்ட தாவரங்கள், விலங்குகள், தொல்குடி மக்கள் பற்றி ஒரு பயண நூலை எழுதினார். 1791 இல் பிலடெல்பியாவில் வெளியான இந்நூல் அமெரிக்க இயற்கை வரலாற்று நூல்களுள் முதன்மையான ஒன்றாகக் கருதப்படுகிறது.

தென்கிழக்கு அமெரிக்காவின் மணல் மேடுகளில் வளை தோண்டி வாழும் கோபர் ஆமையைப் பற்றிய தொடக்ககால விவரிப்புகளுள் இவருடையது முக்கியமானது. இந்த ஆமை வாழ்ந்த பைன் காடுகளின் பெரும்பகுதி பின்னாளில் அழிந்துபோனது. அக்காடுகள் முன்பு எவ்வாறு இருந்தன என்பதை அறிய, பாதுகாப்புப் பணியில் ஈடுபடுவோருக்கு இவருடைய குறிப்புகள் ஒரு சான்றாக விளங்குகின்றன.

இளமைக் காலம்

வில்லியம் பார்ட்ரம் பிலடெல்பியா நகருக்கு அருகிலுள்ள கிங்செசிங் என்னும் இடத்தில் ஒரு குவேக்கர் குடும்பத்தில் பிறந்தார். எலிசபெத் என்னும் சகோதரி இவருடன் இரட்டையராகப் பிறந்தவர். தந்தை ஜான் பார்ட்ரம் ஓர் உழவர்; முறையான கல்லூரிக் கல்வி இன்றித் தாமாகவே தாவரவியலைக் கற்றவர். ஸ்கூல்கில் ஆற்றங்கரையில் 1728 இல் அவர் தொடங்கிய தோட்டம் வட அமெரிக்காவில் இன்றும் நிலைத்திருக்கும் மிகப் பழைய தாவரவியல் பூங்காவாகும். அமெரிக்கச் செடிகளின் விதைகளை இலண்டனிலிருந்த பீட்டர் கொலின்சன் என்னும் வணிகருக்கு அனுப்பி வந்ததால், ஜான் பார்ட்ரமின் பெயர் ஐரோப்பிய அறிஞர்களிடையே பரவியிருந்தது.

வில்லியம் பிலடெல்பியா அகாதமியில் கல்வி கற்றார். இது பின்னர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. சிறு வயதிலேயே தந்தையுடன் காடுகளுக்குச் சென்று பறவைகளையும் செடிகளையும் வரையத் தொடங்கினார். தந்தை இவ்வோவியங்களைக் கொலின்சனுக்கு அனுப்பினார். இலண்டனில் இவை பாராட்டுப் பெற்றன. எனினும் ஓவியம் வரைந்தும் செடிகளைத் தேடியும் ஒருவர் பிழைப்பு நடத்த முடியும் எனத் தந்தை நம்பவில்லை.

தொழில் முயற்சிகள்

கல்வி முடிந்ததும் வில்லியம் பிலடெல்பியாவில் ஒரு வணிகரிடம் பயிற்சிக்கு அமர்த்தப்பட்டார். 1761 இல் வட கரோலினாவின் கேப் பியர் ஆற்றங்கரையில் வாழ்ந்த தம் சிற்றப்பாவிடம் சென்று ஒரு கடை நடத்தினார். அது நட்டத்தில் முடிந்தது.

1765 இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜோர்ஜ், ஜான் பார்ட்ரமை ஆண்டுக்கு 50 பவுண்டு ஊதியத்தில் அரச தாவரவியலாளராக நியமித்தார். புளோரிடா அப்போதுதான் எசுப்பானியரிடமிருந்து பிரித்தானியரின் கைக்கு வந்திருந்தது. அப்பகுதியை ஆராயத் தந்தை புறப்பட்டபோது வில்லியமும் உடன் சென்றார். வழியில், 1765 அக்டோபரில், ஜோர்ஜியாவின் அல்தமாகா ஆற்றங்கரையில் இதற்கு முன் எவரும் குறிப்பிட்டிராத ஒரு சிறு மரத்தை இருவரும் கண்டனர். பெஞ்சமின் பிராங்கிளினின் நினைவாகப் பின்னாளில் பிராங்கிளினியா எனப் பெயரிடப்பட்ட மரம் இதுவே.

1766 இல் தந்தை ஊர் திரும்பினார். வில்லியம் புளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆற்றங்கரையில் தங்கி, நெல்லும் அவுரியும் பயிரிட முயன்றார். இதற்காகத் தந்தை ஆறு அடிமைகளை விலைக்கு வாங்கித் தந்தார். நோயும் தனிமையும் அனுபவமின்மையும் சேர்ந்து இம்முயற்சியையும் தோல்வியுறச் செய்தன. பிற்காலத்தில் வில்லியம் அடிமை முறையைக் கண்டித்து ஓர் உரையை எழுதி வைத்தார். அவ்வெழுத்தைத் தாமே அடிமைகளை வைத்திருந்த இக்காலத்துடன் இணைத்தே வரலாற்றாளர்கள் நோக்குகின்றனர்.

தென்னகப் பயணம் (1773–1777)

இலண்டனைச் சேர்ந்த மருத்துவரும் குவேக்கருமான ஜான் பொதர்கில், வில்லியமின் ஓவியங்களைக் கண்டு அவருக்கு உதவ முன்வந்தார். ஆண்டுக்கு 50 பவுண்டும், ஓவியங்களுக்குத் தனித் தொகையும் தருவதாக ஏற்பாடு. பதிலாக வில்லியம் விதைகள், செடிகள், ஓவியங்கள், குறிப்புகள் ஆகியவற்றை அனுப்ப வேண்டும். இவ்வாறு 34 ஆவது வயதை நெருங்கும் நிலையில், 1773 மார்ச்சில் வில்லியம் பிலடெல்பியாவிலிருந்து கப்பலேறிச் சார்ல்ஸ்டன் சென்றார்.

முதல் ஆண்டில் ஜோர்ஜியாவின் அகஸ்டா நகரில் கிரீக், செரோக்கி மக்களுடன் நடந்த பேச்சுவார்த்தையின்போது உடனிருந்தார். அவ்வுடன்படிக்கையால் அம்மக்கள் பெரும் நிலப்பரப்பைக் குடியேற்றவாதிகளிடம் இழந்தனர். அந்நிலத்தை அளக்கச் சென்ற குழுவுடன் வில்லியமும் பயணம் செய்தார்.

1774 இல் புளோரிடாவுக்குச் சென்றார். செயின்ட் ஜான்ஸ் ஆற்றில் சிறு படகில் பயணம் செய்து, முதலைகள் கூட்டமாக மீன்களை வேட்டையாடுவதையும் ஒன்றோடொன்று சண்டையிடுவதையும் விவரித்தார். பின்னர் வணிகர்களுடன் குதிரையில் மேற்கு நோக்கிச் சென்று, அலச்சுவா என்னும் பரந்த புல்வெளியை அடைந்தார். அங்கிருந்த செமினோல் மக்களின் தலைவர் இவரை வரவேற்று, செடிகளைச் சேகரிக்க அனுமதி அளித்தார். அத்தலைவரை ஆங்கிலேயர் கௌகீப்பர் என அழைத்தனர். பூக்களைத் தேடுபவர் என்னும் பொருள்படும் பக் பகி என்ற பெயரை இவருக்கு அவர் சூட்டினார்.

1775 இல் செரோக்கி நாட்டின் மலைப்பகுதிகளுக்கும், பின்னர் கிரீக் நாட்டின் வழியாக மொபீல் நகருக்கும், மிசிசிப்பி ஆற்றுக்கும் சென்றார். வழியில் கடும் காய்ச்சலால் பாதிக்கப்பட்டு, கண்பார்வையும் சிறிது காலம் குன்றியது. இதற்கிடையே அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிவிட்டது. 1777 சனவரியில் பிலடெல்பியா திரும்பினார். அதே ஆண்டு செப்டம்பரில் தந்தை காலமானார்.

கோபர் ஆமை பற்றிய பதிவு

1774 இல் செயின்ட் ஜான்ஸ் ஆற்றிலிருந்து சுவானி ஆற்றங்கரையிலிருந்த செமினோல் ஊருக்குச் செல்லும் வழி, உயர்ந்த மணல் மேடுகளும் நீண்ட ஊசியிலைப் பைன் மரங்களும் நிறைந்ததாக இருந்தது. மரங்கள் இடைவெளி விட்டு நின்றன. அவற்றின் அடியில் புல் வளர்ந்திருந்தது. இங்குதான் பெரிய நில ஆமை ஒன்றைப் பற்றி பார்ட்ரம் விரிவாக எழுதினார். தென்னக மக்கள் அதைக் கோபர் என்று அழைத்தனர். (அமெரிக்காவின் பிற பகுதிகளில் கோபர் என்பது மண்ணுக்குள் வாழும் ஒரு கொறிணியைக் குறிக்கும். தென்கிழக்கில் அச்சொல் ஆமையைக் குறிக்கிறது.)

பார்ட்ரம் குறிப்பிட்ட செய்திகளுள் முக்கியமானவை பின்வருமாறு:

- வடக்கிலிருந்து வருவோர், சவானா ஆற்றைக் கடந்த உடனேயே இவ்வாமை வாழ்வதற்கான அடையாளங்களைக் காணலாம்.
- உயர்ந்த, வறண்ட மணல் மேடுகளில் மட்டுமே இது வாழ்கிறது.
- முழு வளர்ச்சியடைந்த ஆமையின் மேலோடு ஏறக்குறைய 18 அங்குல நீளமும், 10 முதல் 12 அங்குல அகலமும் உடையது.
- மணலில் ஆழமான வளைகளைத் தோண்டி, பெருமளவு மண்ணை வெளியே தள்ளுகிறது.
- முட்டைகள் உருண்டையானவை. துப்பாக்கிக் குண்டைவிடப் பெரியவை. கடினமான ஓடு உடையவை.
- இதன் இறைச்சி சிறந்த உணவாக மதிக்கப்படுகிறது.

இவ்விவரிப்பு பெரும்பாலும் இன்றைய அறிவுடன் பொருந்துகிறது. இவ்வாமை இன்று தென் கரோலினாவின் தென்கோடி முதல் புளோரிடா வரையிலும், மேற்கே லூசியானா வரையிலும் காணப்படுகிறது. நன்கு நீர் வடியும் மணற்பாங்கான நிலமே இதற்கு ஏற்றது. அளவில்தான் வேறுபாடு உள்ளது. இன்றைய வளர்ந்த ஆமைகளின் ஓடு பொதுவாக 23 முதல் 30 செ.மீ. நீளமே இருக்கும், 18 அங்குலம் என்பது ஏறத்தாழ 45 செ.மீ. ஆகும்.

பிரெஞ்சு விலங்கியலாளர் பிரான்சுவா மரி டோடன், பார்ட்ரமின் விவரிப்பை அடிப்படையாகக் கொண்டு 1802 இல் இந்த ஆமைக்கு அறிவியல் பெயர் சூட்டினார். இன்று இதன் பெயர் கோபெரஸ் பாலிபீமஸ் ஆகும். பாலிபீமஸ் என்பது கிரேக்கத் தொன்மக் கதைகளில் குகையில் வாழும் ஒற்றைக்கண் அரக்கனின் பெயர்.

நெருப்பும் பைன் காடும்

தென்னகக் காடுகளில் நெருப்பு அன்றாட நிகழ்வாக இருந்ததையும் பார்ட்ரம் பதிவு செய்தார். வேட்டை விலங்குகளை வெளியேற்றத் தொல்குடி மக்கள் வைக்கும் தீயாலும், மின்னலாலும் ஏதாவது ஒரு பகுதியில் ஏறக்குறைய நாள்தோறும் நிலம் எரிவதாக எழுதினார்.

இக்குறிப்பின் பெறுமதி 20 ஆம் நூற்றாண்டிலேயே உணரப்பட்டது. நீண்ட ஊசியிலைப் பைன் மரங்கள் தரைத்தீயைத் தாங்கும் தன்மை உடையவை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையில் பரவும் தீ, ஓக் முதலிய மரக்கன்றுகளையும் புதர்களையும் எரித்துவிடுகிறது. அதனால் சூரிய ஒளி தரையை அடைந்து புல்லும் சிறு செடிகளும் வளர்கின்றன. அவையே கோபர் ஆமையின் உணவு. முட்டைகள் பொரிப்பதற்கும் வெயில் படும் வெற்று மணல் தேவை. தீ பரவும்போது ஆமை தன் வளைக்குள் சென்று தப்புகிறது. தீயை முற்றிலும் தடுத்துவிட்டால் புதர் மண்டி, தரை நிழலடைந்து, உணவின்றி ஆமைகள் அவ்விடத்தை விட்டு நீங்குகின்றன.

விலங்குகள் குறித்த பார்வை

பார்ட்ரமின் காலத்தில் விலங்குகள் உணர்வற்ற இயந்திரங்கள் போன்றவை என்னும் கருத்து அறிஞர் பலரிடம் இருந்தது. பார்ட்ரம் இதை ஏற்கவில்லை. விலங்குகளுக்கும் அன்பும் துயரமும் அறிவும் உண்டு எனத் தம் நூலின் முன்னுரையில் வாதிட்டார். அதற்குச் சான்றாக, புளோரிடாக் கடற்கரையோரம் வேட்டைக்காரர் ஒருவர் தாய்க் கரடியைச் சுட்டபோது, அதன் குட்டி தாயின் உடலருகே நின்று குழந்தையைப் போல அழுததை விவரித்தார். குட்டியைக் காப்பாற்றத் தாம் முயன்றும் முடியவில்லை என்றும், அக்கொலையில் தமக்கும் பங்கு உண்டு என உணர்ந்ததாகவும் எழுதினார்.

இதனால் அவரை இன்றைய பொருளில் ஒரு வனவிலங்குப் பாதுகாவலர் எனக் கூற இயலாது. அவருடைய குழுவினர் வேட்டையாடி உண்டே பயணம் செய்தனர். அவர் கண்ட நிலத்தில் வளம் குறையாதிருந்தது. ஓர் இனம் முழுவதுமாக அழியக்கூடும் என்ற எண்ணமும் அக்காலத்தில் பரவலாக இல்லை.

பயண நூல்

பயணம் முடிந்து 14 ஆண்டுகள் கழித்தே நூல் வெளிவந்தது. இத்தாமதத்தால் அவர் முதலில் கண்ட பல தாவரங்களுக்கு வேறு அறிஞர்கள் பெயர் சூட்டிவிட்டனர். நூலில் பல நாட்களும் ஆண்டுகளும் தவறாக உள்ளன. முதலைகளைப் பற்றிய விவரிப்பு மிகையானது என அக்காலத்தில் பலர் ஐயுற்றனர். 1958 இல் பிரான்சிஸ் ஹார்ப்பர் வெளியிட்ட விளக்கப் பதிப்பு, பார்ட்ரம் சென்ற வழியையும் கண்ட உயிரினங்களையும் ஆராய்ந்து இக்குழப்பங்களுள் பலவற்றைத் தெளிவாக்கியது.

ஐரோப்பாவில் இந்நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. 1792 இல் இலண்டனிலும் 1793 இல் டப்ளினிலும் மறுபதிப்பாயிற்று. செருமன், டச்சு, பிரெஞ்சு மொழிகளில் பெயர்க்கப்பட்டது. ஆங்கிலக் கவிஞர்களான கோல்ரிட்ஜ், வேர்ட்ஸ்வொர்த் ஆகியோரின் கவிதைகளில் இதன் தாக்கத்தைக் காணலாம். நூலில் உள்ள 215 பறவைகளின் பட்டியல் அந்நாளில் வெளியான அமெரிக்கப் பறவைப் பட்டியல்களுள் மிக விரிவானது.

பிற்காலம்

திரும்பி வந்த பின் பார்ட்ரம் தொலைதூரப் பயணம் எதையும் மேற்கொள்ளவில்லை. தந்தையின் தோட்டத்தில், தம்பி ஜானுடன் சேர்ந்து செடிகளை வளர்த்து வந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1782 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் தாவரவியல் பேராசிரியர் பதவியை அளித்தபோது, உடல்நலத்தைக் காரணம் காட்டி மறுத்தார். 1786 இல் மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தது. தாமஸ் ஜெபர்சன் குடியரசுத் தலைவராக இருந்தபோது, மேற்குப் பகுதிகளை ஆராயும் பயணம் ஒன்றில் சேருமாறு வந்த அழைப்பையும் முதுமையால் ஏற்கவில்லை.

எனினும் தோட்டம் இளம் அறிஞர்களின் கல்விக்கூடமாக விளங்கியது. அமெரிக்கப் பறவையியலின் தந்தை எனப்படும் அலெக்சாண்டர் வில்சன் இங்குதான் பறவைகளை இனங்காணவும் வரையவும் கற்றார். பூச்சியியலாளர் தாமஸ் சே இவருடைய உறவினர். பெஞ்சமின் சுமித் பார்ட்டன் 1803 இல் வெளியிட்ட தாவரவியல் பாடநூலுக்கு இவர் படங்கள் வரைந்து கொடுத்தார். 1823 ஜூலை 22 அன்று, தம் 84 ஆவது வயதில், அதே தோட்டத்து வீட்டில் காலமானார்.

பிராங்கிளினியாவும் கோபர் ஆமையும்

பார்ட்ரம் பதிவு செய்த இரண்டு உயிரினங்கள் பின்னர் வேறுவேறு நிலையை அடைந்தன.

பிராங்கிளினியா மரத்தின் விதைகளை அவர் பிலடெல்பியாத் தோட்டத்தில் வளர்த்தார். 1803 க்குப் பின் அம்மரம் இயற்கையில் எங்கும் காணப்படவில்லை. இன்று உலகில் உள்ள பிராங்கிளினியா மரங்கள் அனைத்தும் பார்ட்ரம் சேகரித்தவற்றின் வழித்தோன்றல்கள் எனக் கருதப்படுகிறது. ஒரு தோட்டம் ஓர் இனத்தைக் காப்பாற்றியது. ஆனால் அதன் இயல்பான வாழிடத்தில் அவ்வினம் இல்லை.

கோபர் ஆமையை இவ்வாறு தோட்டத்தில் வைத்துக் காப்பது பயன் தராது. அதன் வளை சராசரியாக 4.5 மீட்டர் நீளமும் 2 மீட்டர் ஆழமும் உடையது. அதில் கிழக்கத்திய இண்டிகோப் பாம்பு, கோபர் தவளை, புளோரிடா எலி உட்பட 350 க்கும் மேற்பட்ட உயிரினங்கள் தங்கிக்கொள்கின்றன. ஆமை இல்லையெனில் வளையும் இல்லை. வளை இல்லையெனில் அதைச் சார்ந்த உயிரினங்கள் வெயிலிலிருந்தும் குளிரிலிருந்தும் தீயிலிருந்தும் தப்ப இடமில்லை. எனவே இவ்வாமையைப் பாதுகாப்பது என்பது அது வாழும் நிலத்தைப் பாதுகாப்பதே ஆகும்.

ஐரோப்பியர் வருகைக்கு முன் நீண்ட ஊசியிலைப் பைன் காடுகள் ஏறத்தாழ 3.6 கோடி எக்டேர் பரப்பில் இருந்தன. மரம் வெட்டுதல், பைன் பிசின் எடுத்தல், வேளாண்மை, வேறு பைன் இனங்களை வளர்த்தல், நகர விரிவாக்கம், தீயைத் தடுத்தல் ஆகியவற்றால் 20 ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் 97 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. ஆமைகளும் உணவுக்காகப் பெருமளவில் பிடிக்கப்பட்டன. இனப்பெருக்கம் செய்ய 10 முதல் 20 ஆண்டுகள் வரை வளர வேண்டிய விலங்கு என்பதால், குறைந்த எண்ணிக்கை எளிதில் மீள்வதில்லை.

பாதுகாப்பு நடவடிக்கைகளுள் சில:

- 1987: மொபீல், டோம்பிக்பி ஆறுகளுக்கு மேற்கே வாழும் கோபர் ஆமைகளை அமெரிக்க நடுவண் அரசு அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது.
- 2007: புளோரிடா மாநிலம் இவ்வாமையை அச்சுறுத்தலுக்கு உள்ளானதாக அறிவித்தது. அதுவரை கட்டுமான நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி, ஆமைகள் உள்ளே இருக்கும்போதே வளைகளின் மீது கட்டடம் எழுப்ப அனுமதி பெற முடிந்தது. அதன்பின் ஆமைகளைத் தோண்டி எடுத்து வேறு நிலத்தில் விடுவது பொது விதியாயிற்று.
- 2022: கிழக்குப் பகுதி ஆமைகளை நடுவண் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை என அமெரிக்க மீன், வனவிலங்குச் சேவை முடிவு செய்தது. மேற்குப் பகுதிக்கான பாதுகாப்பு தொடர்ந்தது.

எஞ்சிய பைன் காடுகளில் திட்டமிட்டுத் தீ வைத்தல் இன்று மீட்புப் பணியின் முக்கியப் பகுதியாகும். பார்ட்ரம் கண்ட இடைவெளியுள்ள மரங்களும் புல் நிறைந்த தரையுமே இப்பணியின் இலக்காக உள்ளன.

நினைவு

- ஓக் இலை போன்ற இலைகளை உடைய ஹைட்ராஞ்சியா இனத்தின் அறிவியல் பெயருடன் பார்ட்ரமின் பெயர் இடம்பெற்றுள்ளது.
- வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் ஒரு கரைப்பறவைக்கு இவருடைய நினைவாகப் பார்ட்ராமியா என்னும் பேரினப் பெயர் வழங்குகிறது.
- தெற்கு மாநிலங்களில் இவர் சென்ற வழியின் பல பகுதிகள் பார்ட்ரம் பாதை என்ற பெயரில் குறிக்கப்பட்டுள்ளன.
- அலச்சுவா புல்வெளி இன்று பெய்ன்ஸ் பிரேரி என்னும் மாநிலப் பாதுகாப்புப் பூங்காவாக உள்ளது.
- பிலடெல்பியாவில் உள்ள பார்ட்ரம் தோட்டம் பொதுமக்களின் பார்வைக்குத் திறந்துள்ளது. பிராங்கிளினியா மரங்கள் அங்கு இன்றும் வளர்க்கப்படுகின்றன.